நாற்பது புத்தகமும் நாலாவது கேள்வியும்

கேள்வி: எனக்கு 43 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், பன்னிரண்டாவது படிக்கும் மகன், 74 வயது மாமியார். ஆறு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது, உடன் வேலை பார்க்கும் தோழி ஒரு சுயமுன்னேற்றப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அன்றிலிருந்து விடாமல் படிக்கிறேன். புத்தகக் கண்காட்சிகளில் வாங்கிச் சேர்த்தது நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்போது ஆன்மிக நூல்களும் சேர்ந்துகொண்டன. படிக்கும்போது ஒரு தெம்பு வருகிறது. இரண்டே நாளில் போய்விடுகிறது. ஒரு புத்தகத்தில் சொன்னபடி காலை நாலரைக்கு எழுந்து தியானம் செய்கிறேன். கண்ணாடி முன் நின்று 'நான் அமைதியானவள்' என்று 21 தடவை சொல்கிறேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் 'கேஸை அணைச்சியா' என்று நாலு தடவை கேட்டால், நாலாவது தடவை கத்திவிடுகிறேன். பீரோ சாவியை எங்கோ வைத்துவிட்டு நான் எடுத்துவிட்டேன் என்கிறார். போன வாரம் சாம்பாருக்கு இரண்டு முறை உப்பு போட்டுவிட்டு, நான்தான் போட்டேன் என்று சாதித்தார். இத்தனை படித்தும் எனக்குக் கோபம் போகவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. கணவர் 'ஏட்டுச் சுரைக்காய்' என்று கேலி செய்கிறார். மூன்று நாள் ஆன்மிக முகாம் ஒன்றுக்கு 18,000 ரூபாய் கட்டலாமா என்றும் யோசனை. இந்தப் படிப்பு மனிதரை உண்மையிலேயே மாற்றுமா? இல்லை, நிறுத்திவிடட்டுமா?

ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பதை நிறுத்த வேண்டாம். வாங்குவதை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். ஏன் என்று சொல்லச் சற்றுச் சுற்றி வளைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனநலத் தொழிலில் இருக்கும் எங்களில் பலர் சுயமுன்னேற்றப் புத்தகம் என்றதும் ஒரு மாதிரி சிரிப்போம். படித்து முடித்துவந்த புதிதில் நானும் அப்படித்தான். ஆலோசனைக்கு வருகிறவரின் பையில் அப்படி ஒரு புத்தகம் தெரிந்தால், 'இவருக்கு முதலில் இதையெல்லாம் மறக்கடிக்க வேண்டும்' என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். அந்த இளக்காரம் போனது, என் அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் குமாஸ்தா. பெட்டியில் வேட்டிக்கு அடியில், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அப்துற் றஹீம் எழுதிய வாழ்க்கை முன்னேற்ற நூல். அந்தத் தலைமுறையில் தமிழ் படிக்கத் தெரிந்த பல வீடுகளில் அவருடைய புத்தகம் ஒன்றாவது இருக்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. கெட்ட பழக்கங்களை விடுவது பற்றிய பக்கம். ஓரத்தில் காப்பியிங் பென்சிலால் 'பொடி' என்று எழுதி, கீழே நாலு தேதிகள். முதலாவது 14-1-63, பொங்கல். அடித்திருந்தார். அடுத்தது 14-4-63, சித்திரை முதல் நாள். அதுவும் அடித்தாயிற்று. மூன்றாவது 1964இல் ஏதோ ஒரு தேதி, அதன் மேலும் கோடு. நாலாவது 6-9-66. அதன் மேல் கோடு இல்லை.

அந்தத் தேதி என்ன கிழமை என்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் தொடங்காத நாள். நான் பிறந்து வளர்ந்ததிலிருந்து அப்பா மூக்குப்பொடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றரை வருடத்துக்கு மேல் ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். தோற்ற ஒவ்வொரு தடவையும் வேறு புத்தகம் தேடிப் போகவில்லை. உங்களிடம் நாற்பது இருக்கிறது, அவரிடம் ஒன்று இருந்தது. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு குமாஸ்தாவுக்கு இரண்டாவது புத்தகம் வாங்கக் கையில் காசு இருந்திருக்காது, அவ்வளவுதான். வாங்க முடிகிற நமக்குத்தான் சிக்கல். ஒரு புத்தகம் நம்மை ஏதாவது செய்யச் சொல்லும் இடம் வந்ததும், அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வசதி இருக்கிறது. 'கல்வி கரையில, கற்பவர் நாள்சில' என்று நாலடியார் சொன்னபோது அச்சு எந்திரம்கூடக் கிடையாது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராகத் தெரியும், செக்கிழுத்தவராகத் தெரியும். சுயமுன்னேற்ற நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜேம்ஸ் ஆலன் என்று ஓர் ஆங்கிலேயர், மனத்தைப் பக்குவப்படுத்துவது பற்றிச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதியவர். 1908இல் தண்டனை பெற்று, கோவையிலும் கண்ணூரிலும் சிறையில் கிடந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்த வ.உ.சி., அந்த ஆலனைத்தான் பிடித்துக்கொண்டார். 'மனம்போல வாழ்வு' சிறைக்காலத்து வேலை. பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்'. நாலாவதான 'சாந்திக்கு மார்க்கம்' 1934இல்தான் வெளிவந்தது. கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு, ஒரே ஆசிரியர், நாலு சின்னப் புத்தகங்கள். மொழிபெயர்ப்பதைவிட மெதுவாக ஒரு புத்தகத்தைப் படிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இதை என் வார்த்தையில் எப்படிச் சொல்வேன்' என்று கேட்டுத்தான் தாண்ட வேண்டும்.

ஆலன் சொல்வதில் எனக்கே முழு உடன்பாடு கிடையாது. சூழ்நிலையெல்லாம் நம் எண்ணத்தின் விளைவு என்றால், வ.உ.சி.யைச் சிறையில் போட்டது அவருடைய எண்ணமா, வெள்ளைக்கார அரசா? நோய்வாய்ப்பட்டவர்களிடமும் கடனில் முழுகியவர்களிடமும் இதே வாதத்தை நீட்டுகிற புத்தகங்கள் இன்றைக்கும் வருகின்றன. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வ.உ.சி. எடுத்துக்கொண்டது வேறு. பணமாகக் கணக்குப் பார்த்தால் அந்தப் புத்தகங்களால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர். ஆனால் சிறையிலிருந்து கசந்து வெளியே வரவில்லை. குறளின் அமைப்பிலேயே அறநூல் எழுதினார், அறத்துப்பாலுக்கு உரை எழுதினார், 1935இல் சிவஞானபோதத்துக்கும் உரை எழுதினார். சுயமுன்னேற்றத்திலிருந்து ஆன்மிகத்துக்கு ஒருவர் நடந்துபோன தடம் தமிழில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் அலமாரியிலும் அதே இரண்டு வகைதான் இருக்கிறது.

சரி, உங்கள் இரண்டு நாள் தெம்புக்கு வருவோம்.

அது பொய்யில்லை. அப்பா போன துக்கத்தில் அந்த முதல் புத்தகம் உங்களை நிறுத்தியது என்றீர்களே, அதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் தெம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பைக் கொடுத்துவிடும். கேப்ரியல் ஏட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் இதை உடல் இளைக்க முயன்ற பெண்களிடம் பார்த்தார். 'என்னால் இளைக்க முடியும்' என்று நம்பியவர்கள் நன்றாகவே இளைத்தார்கள். இளைத்துவிட்டது போலவும் எல்லோரும் பாராட்டுவது போலவும் அழகாகக் கற்பனை செய்துகொண்டவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடச் சராசரியாகப் பத்துக் கிலோ அளவுக்குக் குறைவாக இளைத்தார்கள். நம்பிக்கை வேறு, கனவு வேறு. கனவிலேயே மனசு சாப்பிட்டுவிடுகிறது, அப்புறம் அடுப்பு மூட்ட யார் எழுந்திருப்பார்கள்?

கண்ணாடி முன்னால் 21 தடவை சொல்வதையும் விட்டுவிடுங்கள். 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்பவர், 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள், அவர்களைப் போலவே இருந்தும் அதைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். உள்ளே இருக்கும் ஒரு குரல் 'இல்லவே இல்லை' என்று எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கும். நீங்கள் காலையில் 'நான் அமைதியானவள்' என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சாயங்காலம் கத்தியதும் அந்த வாக்கியமே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இந்தக் கண்ணாடி கொடுத்தது.

அந்த 21க்கும் ஒரு கதை உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர், முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆவதைக் கவனித்து 1960இல் எழுதினார். அதுதான் கைமாறிக் கைமாறி 'எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள்' என்று ஆகி, உங்கள் வீட்டுக் கண்ணாடியில் 21 தடவையாக வந்து நிற்கிறது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். நடுவில் ஒரு நாள் தவறியது யாரையும் கெடுக்கவில்லை. என் அப்பாவின் நாலு தேதிகளுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

புத்தகம் படித்து மனிதர் மாறுவாரா என்று நேராகவே கேட்டீர்கள். மாறுவார், ஒரு நிபந்தனையோடு. அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஸ்கோகின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில், மனச்சோர்வில் இருந்த முதியவர்கள் சிலருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்து ஒரு மாதம் படிக்கச் சொன்னார்கள். எண்ணங்களை எழுதிப் பார்க்கும் பயிற்சிகள் உள்ள புத்தகம். இன்னொரு குழுவுக்கு உலகமே கொண்டாடும் ஒரு சிந்தனை நூலைக் கொடுத்தார்கள். ஆழமானது, ஆனால் பயிற்சிகள் இல்லாதது. மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது பயிற்சிப் புத்தகக்காரர்களுக்குத்தான். இந்த மாதிரி ஆய்வுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு, நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிடுவார்கள். ஆலோசனை எதுவும் கிடையாது. எத்தனை பக்கம் ஆயிற்று, பயிற்சி எழுதினீர்களா, ஏதாவது புரியவில்லையா என்று சில நிமிடம் கேட்பார்கள், வைத்துவிடுவார்கள்.

நாற்பது புத்தகத்தில் ஒன்றைப் பற்றியாவது உங்களிடம் அப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா? முதல் புத்தகத்துக்கு ஓர் ஆள் இருந்தாள். கொடுத்த தோழி. அவள் மறுநாள் அலுவலகத்தில் 'எதுவரைக்கும் படிச்ச?' என்று கேட்டிருப்பாள், நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பீர்கள். நான் ஊகிப்பதுதான், ஆனால் பந்தயம் கட்டுவேன். அதற்கப்புறம் வந்தவற்றைத் தனியாக வாங்கி, பஸ்ஸில் தனியாகப் படித்து, தனியாகவே முடித்துவிட்டீர்கள்.

தன் உதவி என்ற பெயரையே தாங்கி 1859இல் வந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் புத்தகம் எப்படிப் பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் சாதாரணத் தொழிலாளி இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் இரவில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பெருகியது. வாடகைக்கு ஓர் இடம் பிடித்தார்கள். அதற்கு முன் தற்காலிகக் காலரா மருத்துவமனையாக இருந்ததால் வேறு யாரும் எடுக்காத இடம். அவர்கள் கூப்பிட்டு ஸ்மைல்ஸ் அங்கே போய்ப் பேசியதுதான் பின்னால் புத்தகமானது. பேர்தான் தன் உதவி. பிறந்தது பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்த அறையில்.

நம் ஆன்மிக மரபில் படிப்பு என்றாலே பாராயணம். ஒரே கவசத்தை ஆயுசுக்கும் படித்த பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவாசகத்தின் 658 பாடலையும் ஒரே நாளில் கூடி உட்கார்ந்து முற்றோதல் செய்கிறார்கள். ரமலானில் குர்ஆனின் 30 பாகங்களையும் ஓதி முடிப்பவர்கள் அடுத்த ரமலானிலும் அதையேதான் ஓதுகிறார்கள். 'போன வருடமே படித்தாயிற்றே, புதிதாக என்ன வந்திருக்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. வாயால் சொல்லி, காதால் கேட்டு, பக்கத்தில் இருப்பவர் குரலோடு சேர்ந்து படிக்கிற படிப்பு அது. அதற்காக மரபு படிப்பைக் கண்மூடிக் கும்பிட்டது என்றும் இல்லை. 'வேர்த்து இரைப்பு வந்தபோது வேதம் வந்து உதவுமோ' என்று சாத்திரம் ஓதுகிறவரைப் பார்த்துக் கேட்டவர் சிவவாக்கியர். உங்கள் கணவரின் சுரைக்காயைவிட இது காரமான கேலி.

உங்களுக்கு வேர்த்து இரைப்பது சாயங்காலம், நாலாவது கேள்வியின்போது. அங்கே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நாலரைக்கு எழுந்திருக்கிறீர்கள். மகன் பன்னிரண்டாவது என்றால், அவன் படித்து முடிக்கும்வரை விழித்திருந்து பதினொன்றரைக்காவது படுப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து மணி நேரம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். மாதக்கணக்கில் ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் சாயங்காலம் எரிந்து விழுந்தால், அதற்குக் கோபம் என்று பேர் வைத்து ஆன்மாவைத் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் வீட்டில் இட்லிக்கு மாவு கரைப்பது யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஆறு மணிக்கு எழுந்திருங்கள். தியானத்தைப் பஸ்ஸில் செய்யலாம். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி உங்கள் கோபத்தைப் பற்றி. மாமியார் வருவது நாலு வரி. நான் இரண்டாம் தடவை படித்தபோது அந்த நாலு வரியிலேயே நின்றுவிட்டேன். 74 வயது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறார். சாவியை வைத்த இடம் மறந்து, அடுத்தவர் எடுத்ததாகச் சொல்கிறார். உப்பு போட்டது நினைவில்லாமல் மறுபடி போடுகிறார், போடவில்லை என்று சாதிக்கிறார். சகோதரி, இது உங்கள் பொறுமையைச் சோதிக்க வந்த பரீட்சையாக எனக்குப் படவில்லை. அவருக்கு நினைவாற்றல் தடுமாறுகிறதோ என்று சந்தேகப்பட வைக்கிறது.

வயதானால் மறதி வரும்தான். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, தெரிந்த ஆளின் பெயர் சட்டென்று வாயில் வராதது, இதெல்லாம் சகஜம். கேட்டதையே மறந்து திரும்பக் கேட்பதும், பொருள் காணாமல் போனால் வீட்டு ஆட்களையே சந்தேகிப்பதும் வேறு வகை. மறதி நோயின் ஆரம்பத்தில் இப்படி இருக்கும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகளின் விளைவு, இவற்றாலும் இப்படி ஆகலாம். இவை ஓரளவு சரிசெய்யக்கூடியவை. காது மந்தமாகி, நீங்கள் சொன்ன பதில் விழவே இல்லாமலும் இருக்கலாம். இதையெல்லாம் கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது, மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவிலோ பொது மருத்துவத்திலோ காட்டத் தொடங்கலாம். நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

ஆறு வருடம், நாற்பது புத்தகம். ஒன்றுகூட உங்களை அவர் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை பாருங்கள். புத்தகங்கள் மேல் எனக்குள்ள ஒரே பெரிய குறை இதுதான். என் கோபம், என் அமைதி, என் வளர்ச்சி என்று எல்லா விளக்கையும் நம் முகத்துக்கே திருப்பிவிடுகின்றன. கேஸ் அணைத்தாயிற்றா என்று ஒரு வயதான பெண் நாலு தடவை கேட்கிறார் என்றால், அவர் பயந்துபோயிருக்கிறார். ஒருவேளை என்றைக்கோ அணைக்க மறந்து, யாருக்கும் தெரியாமல் அணைத்துவிட்டு வந்திருக்கலாம். தனக்கு ஏதோ நழுவுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கலாம். ஆன்மிக வளர்ச்சி என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ தெரியாது. என் சிற்றறிவுக்கு, அது அந்த அடுப்படியில் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அதனால் இந்த மூன்று மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். அலமாரியிலிருந்து ஒரே ஒரு புத்தகம். தோழி கொடுத்த முதல் புத்தகமே இருக்கட்டும்; அது உங்களை அறியும். பஸ்ஸில் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எந்த வரியில் நின்றீர்களோ அதை அந்தத் தோழியிடம் வாரம் ஒரு தடவை சொல்லுங்கள். அவளிடம் ஆலோசனை கேட்காதீர்கள், 'கேட்டுக்கோ, போதும்' என்று சொல்லிவிடுங்கள். சாயங்காலத்துக்கு ஒரே ஒரு தீர்மானம், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்: 'அத்தை மறுபடி கேஸைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொட்டுக் காட்டுவேன்.' இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்கும் தீர்மானங்கள், 'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்பது போன்ற பொதுவான சபதங்களைவிட நன்றாக நிற்கின்றன. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இது. அடுப்புப் பக்கத்தில் மகனின் பழைய சிலேட்டு ஒன்றை மாட்டி 'அணைத்தாயிற்று' என்று எழுதியும் வைக்கலாம், அத்தையே எழுதட்டும்.

கத்தாமல் தாண்டிய முதல் நாளின் தேதியைப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதுங்கள். கத்திவிட்டால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள்.

முகாமுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அது நல்ல முகாமாகவே இருக்கலாம். ஆனால் மூன்று நாள் தெம்பு உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை, 18,000 ரூபாய் வீட்டு வைத்தியச் செலவுக்கு வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் குலைந்து, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அதற்குப் புத்தகம் போதாது. டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் இந்தப் பகுதியைப் படிக்கும் இன்னொருவருக்கு உதவும்.

கணவரிடம் இந்த வாரமே பேசுங்கள். 'உங்கம்மாவுக்கு மறதி' என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். உப்பு, சாவி, கேஸ் மூன்றையும் என்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறித்துவைத்துக் காட்டுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவு, உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதே தாள் மருத்துவருக்கும் உதவும். அத்தையிடமும் 'உங்களைக் காட்டப் போகிறோம்' என்று சொல்லாதீர்கள். 'எனக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும், துணைக்கு வாங்க அத்தை, அப்படியே நீங்களும் குடுத்துடுங்க' என்று கூப்பிடுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. 43 வயதில், இவ்வளவு அலுப்போடும் எரிச்சலோடும் இருக்கிற உங்களுக்கும் ரத்த அளவும் தைராய்டும் பார்க்கத்தான் வேண்டும்.

முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். கடைசித் தாளில் எத்தனை தேதி சேர்ந்திருக்கிறது என்பதையும், அடித்தவற்றையும் சேர்த்து.